காட்டுக்கு எல்லை வரைந்த டி.எஸ். சேனாநாயக்க

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நெருக்கமாக அமைந்துள்ள கரையோர ஊர்களின் மேற்குப் புறத்தே பரந்து கிடக்கும் வயல்வெளிகளுக்குப் பாயும் நீரில் பெரும்பகுதி இங்கினியாகலையிலிருந்து வருகிறது. சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை வட்டைகளில் பெரும்போகத்தோடு சிறுபோகமும் செய்யக்கூடியதாயிருப்பது அந்த நீர்த்தேக்கத்தின் தயவினாலேயே எனலாம். அதன் பெயர் சேனாநாயக்க சமுத்திரம். பெயரை எந்நாளும் உச்சரிக்கிறோம். பெயருக்குரியவரை ஒவ்வொரு சமூகமும் ஒவ்வொரு விதமாக நினைவிற் கொண்டுள்ளது.

தென்னிலங்கை மக்கள் அவரைத் தேசபிதா என்கின்றனர். மலையகத் தமிழர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் தம்மை நாடற்றோராக்கியவர் அவரே என்பதை மறக்கவில்லை. கிழக்கிலுள்ள தமிழரும் முஸ்லிம்களும் கல்லோயாக் குடியேற்றத்தின் ஊடாகவே அவரை அறிவர். இம்மூன்று நினைவுகளுக்கும் ஆதாரம் உண்டு. ஆயினும் அதிகம் பேசப்படாத இன்னொரு விடயமும் அவர் வாழ்க்கையில் உள்ளது. இந்நாட்டின் காடுகளையும் காட்டு விலங்குகளையும் பாதுகாப்பதற்கான அரச திட்டமிடலுக்கு முதன்முதலாக முழுமையான சட்ட வடிவம் கிடைத்தது அவர் அமைச்சராயிருந்த காலத்திலாகும். யானை வேலிக்கும் வன எல்லைக் கல்லுக்கும் இடையில் இன்று அல்லற்படும் அம்பாறைக் கரையோர விவசாயி, அந்த எல்லைகளின் மூலத்தை அறிந்துகொள்வது அவசியமாகும்.

டொன் ஸ்டீபன் சேனாநாயக்க, பத்தொன்பதாம் நூற்றாண்டின் எண்பதுகளில் மீரிகமைக்கு அண்மையிலுள்ள போத்தலை என்னும் கிராமத்திற் பிறந்தார். தந்தை டொன் ஸ்பேட்டர் காரீயச் சுரங்கத் தொழிலினாற் செல்வந்தரானவர். முகத்துவாரத்தில் அக்காலத்தில் இயங்கிய சென். தோமஸ் கல்லூரியிற் கல்வி கற்ற டி.எஸ்., படிப்பைக் காட்டிலும் விளையாட்டிலேயே நாட்டங் கொண்டிருந்தார். பள்ளியை விட்டதும் நில அளவைத் திணைக்களத்திற் சிறிது காலம் எழுதுவினைஞராகப் பணியாற்றினார். பின்னர் குடும்பத்தின் தோட்டங்களைப் பராமரிக்கச் சென்றுவிட்டார். காடும் மண்ணும் அவருக்கு ஏட்டறிவாக வந்தவையல்ல. காட்டு ஜோன் என்ற பொருள்படச் சிங்களத்தில் அவருக்கு வழங்கிய பட்டப்பெயர் இதற்குச் சான்றாகும். வரைபடத்தில் கோடு போடும் அலுவலகத்தையும், அந்தக் கோடுகள் விழும் காட்டையும் இளம் வயதிலேயே கண்டவர் அவர்.

1912ஆம் ஆண்டளவில் எழுச்சி பெற்ற மதுவொழிப்பு இயக்கத்தின் மூலம் சகோதரர்களான எஃப்.ஆர்., டி.சி. ஆகியோருடன் பொதுவாழ்வினுள் நுழைந்தார். 1915இல் முஸ்லிம்களின் உயிர்களும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்குதலுக்குள்ளான கலவரம் வெடித்தபோது, பிரித்தானிய ஆட்சி இராணுவச் சட்டத்தைப் பிரகடனப்படுத்தி, மதுவொழிப்பு இயக்கத் தலைவர்கள் பலரைச் சந்தேகத்தின் பேரிற் சிறையிலடைத்தது. சேனாநாயக்க சகோதரர்களும் அவ்வாறு அடைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். அந்தச் சிறைவாசமே அவரை முழுநேர அரசியல்வாதியாக்கியது என்பர். கலவரத்தில் அனைத்தையும் இழந்த முஸ்லிம் வியாபாரிகளின் கதை அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுவதை நாம் கவனிக்காமலிருக்க முடியாது.

1924இல் நீர்கொழும்பிலிருந்து சட்டசபைக்குத் தெரிவானார். 1927இல் நியமிக்கப்பட்ட காணி ஆணைக்குழுவில் அங்கம் வகித்தார். 1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமையுடன் அரசாங்க சபை உருவானபோது விவசாய, காணி அமைச்சரானார். பதினைந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் அதே பொறுப்பை வகித்தார். முடிக்குரிய காணிகளை விவசாயக் குடும்பங்களுக்கு, விற்கவோ துண்டாடவோ முடியாத நிபந்தனையோடு வழங்கும் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. நமது பகுதிகளில் அனுமதிப்பத்திரக் காணி எனப்படுபவை பெரும்பாலும் அச்சட்டத்தின் வழி வந்தவையே.

அதற்கு இரண்டாண்டுகளின் பின்னர், 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. அதன் பெறுமதியை உணர வேண்டுமாயின் அதற்கு முந்திய நிலையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரித்தானிய அதிகாரிகளுக்கு யானை வேட்டை ஒரு பொழுதுபோக்கு. யானையைக் கொல்வோருக்கு அரசே சன்மானம் வழங்கிய காலமும் இருந்தது. மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒரே அதிகாரி ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகக் கூறப்படுகிறது. 1845இல் மின்னல் தாக்கி அவர் இறந்தபோது அதனைத் தெய்வ தண்டனையென மக்கள் பேசிக்கொண்டதில் வியப்பில்லை. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. விலங்குகள் அருகிவிட்டன என்பதை முதலில் உணர்ந்தவர்களும் வேட்டைக்காரர்களே. 1894இல் தோட்டத்துரைமார் தொடங்கிய சங்கத்தின் முதல் நோக்கம், நாளைய வேட்டைக்கு விலங்குகளை மிச்சம் வைப்பதாகவே இருந்தது. யால 1900ஆம் ஆண்டிலிருந்தும் வில்பத்து 1905ஆம் ஆண்டிலிருந்தும் வேட்டை தடுக்கப்பட்ட காடுகளாக இருந்தபோதிலும், நாடு தழுவிய திட்டமென்று எதுவும் இருக்கவில்லை.

1937ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் திட்டத்தைத் தந்தது. எவரும் நுழையக்கூடாத கடும் இயற்கை ஒதுக்கம், பார்வையாளர் செல்லக்கூடிய தேசிய பூங்கா, அனுமதியுடன் வேட்டையாடக்கூடிய இடைவலயம், தனியார் காணிகள் உள்ளடங்கியிருந்தாலும் விலங்குகளுக்குப் பாதுகாப்பு உள்ள சரணாலயம் எனக் காட்டு நிலம் வகைப்படுத்தப்பட்டது. சட்டம் 1938 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. யாலவும் வில்பத்தும் தேசிய பூங்காக்களாயின. பொத்துவிலுக்குத் தெற்கே, பாணமைக்கு அப்பாலுள்ள குமண வில்லும் அதே ஆண்டிற் பறவைகள் சரணாலயமாயிற்று. 1949 ஒக்டோபரில், அவர் பிரதமராயிருந்தபோது, இவற்றை நிர்வகிப்பதற்கெனத் தனியான திணைக்களமும் உருவாக்கப்பட்டது. ஆசிய நாடுகள் பலவற்றில் இத்தகைய எண்ணமே தோன்றியிராத காலம் அது என்பது குறிப்பிடத்தக்கது.

ஒதுக்கப்பட்ட நிலம் என்ற கருத்து முஸ்லிம்களுக்குப் புதியதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவைச் சூழ்ந்த நிலத்தில் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடை செய்தார்கள். ஹிமா எனப்பட்ட ஒதுக்கு மேய்ச்சல் நிலங்களை ஏற்படுத்தினார்கள். கலீஃபா உமர் (ரழி) அவர்கள் தம் காலத்து ஹிமாவின் காவலருக்கு இட்ட கட்டளை சிந்திக்கத்தக்கது. சில ஒட்டகங்களையும் சில ஆடுகளையும் மட்டும் வைத்திருக்கும் ஏழையை உள்ளே விடுமாறும், பெரும் மந்தைகளுக்குரிய செல்வந்த நபித்தோழர்களைத் தடுக்குமாறும் அவர்கள் பணித்ததாக ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்பதோடு, அந்த ஒதுக்கத்தினால் எளியவன் நசுங்கிவிடக் கூடாது என்ற கவலையும் அக்கட்டளையில் இருந்தது. 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதலாவது இருந்தது. இரண்டாவது போதியளவு இருந்ததா என்பதே கேள்வி.

விவசாயமும் காணியும் ஒரே அமைச்சின் கீழ் இருந்தமையால், காட்டைக் காக்கும் சட்டத்தைக் கொண்டுவந்த அதே கை காட்டை வெட்டும் ஆணையிலும் கையொப்பமிட்டது. மின்னேரியாவிலும் பின்னர் ஏனைய உலர்வலயக் குளங்களைச் சூழவும் குடியேற்றங்கள் எழுந்தன. இதைச் சிலர் முரண்பாடு என்பர். அவருடைய பார்வையில் அது முரணாக இருந்திருக்காது. நாட்டின் வரைபடத்தை விரித்து, இப்பகுதி நெல்லுக்கு, இப்பகுதி விலங்குக்கு எனப் பிரித்துவிட்டால் இரண்டும் தத்தம் எல்லைக்குள் வாழும் என்று அவர் நம்பினார். நில அளவைத் திணைக்களத்தின் பழைய எழுதுவினைஞருக்கு அது இயல்பான நம்பிக்கையே. ஆனால் அந்த நிலத்தில் ஏற்கனவே வாழ்ந்தவர்களும், எல்லைக் கோட்டை வாசிக்கத் தெரியாத யானைகளும் அந்த வரைபடத்தில் இடம்பெறவில்லை.

இதன் முழுப் பரிமாணத்தையும் கண்ட இடம் நமது பட்டிப்பளை ஆறாகும். பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுத்து, கல்முனைக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீற்றரில் கடலோடு கலக்கும் இவ்வாற்றையே கல்லோயா என்பர். 1949ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகார சபையே அதற்கு முன்மாதிரி. இங்கினியாகலையில் இரு குன்றுகளுக்கு இடையே அணை கட்டும் பொறுப்பு மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை இலங்கை கண்டிராத பாரிய இயந்திரங்கள் காட்டுக்குள் இறங்கின. சுமார் 7,70,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் அந்த நீர்த்தேக்கம் நாட்டிலேயே மிகப் பெரியதாக அமைந்தது.

அந்த நீரின் அடியில் மூழ்கியவை எவை? மனிதன் அதிகம் நடமாடாத காடு. யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்த தடங்கள். தானிகலை, ஹெனபெத்த ஆகிய இடங்களை அண்டி வாழ்ந்த வேடுவரின் குகைகளும் வேட்டை நிலங்களும். மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவு செய்த மக்கள் அவர்கள். வெளிநாட்டு அறிஞர் தேடிச் சென்று கண்டவர்களைச் சொந்த நாட்டின் திட்டவரைஞர் காணவில்லை.

அணையின் பயனை முழுமையாகக் காணும் பேறு டி.எஸ். சேனாநாயக்கவுக்குக் கிட்டவில்லை. 1952 மார்ச் மாதத்தில் காலிமுகத்திடலில் குதிரைச் சவாரி செய்துகொண்டிருந்தபோது விழுந்த அவர், மறுநாள் 22ஆம் திகதி காலமானார்.

அவர் இறந்து இரண்டாண்டுகள் கழித்து, 1954 பெப்ரவரியில், அவரது சட்டத்தின் கீழேயே கல்லோயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. அதன் பரப்பு 25,900 ஹெக்டேயர். சேனாநாயக்க சமுத்திரச் சரணாலயமும், கல்லோயாப் பள்ளத்தாக்கின் வடகிழக்கு, தென்மேற்குச் சரணாலயங்களும் அதனைச் சூழ அமைந்தன. நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 63,000 ஹெக்டேயராகும். இதன் நோக்கத்தை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். நீரேந்துப் பிரதேசத்தில் காடு அழிந்தால் மண் அரித்து நீர்த்தேக்கத்தை நிரப்பிவிடும் என்ற அச்சமே இதற்கு முதற் காரணம். யானை அடுத்த காரணம். நோக்கம் எதுவாயினும் விளைவு நன்மையே. கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் நிறைந்த அந்தப் புல்வெளிக் காடு இன்றும் எஞ்சியிருக்கிறது. தீவிலிருந்து தீவுக்கு நீந்திச் செல்லும் யானைகளைக் காண்பதற்காகப் பயணிகள் படகேறுகின்றனர். வருடந்தோறும் நமது வயல்களுக்கு வந்து சேரும் நீரும் அந்தக் காட்டின் கொடையே. பூங்காவின் நிர்வாகம் 1965இல் வனசீவராசிகள் திணைக்களத்தின் கைக்கு மாறியது.

ஆனால் மேற்கே காட்டுக்கு எல்லை வரைந்த திட்டம், கிழக்கே மனிதருக்கு எல்லை வரைந்த விதம் வேறாக இருந்தது. அணையின் கீழே உருவாக்கப்பட்ட குடியேற்ற அலகுகளிற் பெரும்பாலானவை வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டன. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் கிடைத்தவை சில. வாய்க்காலின் தலைப்பகுதியில் புதியவரும் கடைப்பகுதியில் பழையவருமாக அமைந்த ஏற்பாடு பல தசாப்தங்களுக்கு மனக்கசப்பை வளர்த்தது. 1947இல் கல்முனையிலிருந்து பாராளுமன்றம் சென்ற கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பர், 1956 ஏப்ரல் தேர்தலில் தமிழரசுக் கட்சி வேட்பாளராக நின்று வெற்றி பெற்றார். காணியைப் பற்றிய கவலை கரையோரத்தின் அரசியலில் எவ்வளவு ஆழப் பதிந்திருந்தது என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். அதே ஆண்டு ஜூனில் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர் மீது கட்டவிழ்த்துவிடப்பட்ட வன்முறை, சுதந்திர இலங்கையின் முதற் பெரும் இனக்கலவரமாக வரலாற்றில் இடம்பெற்றது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் தோன்றியது.

வனப் பாதுகாப்பும் தொடர்ந்து விரிந்தது. யால கிழக்கு 1970இல் தேசிய பூங்காவாகி, பிற்காலத்தில் குமண எனப் பெயர் மாற்றம் பெற்றது. லாகுகலை 1980இல் பூங்காவாயிற்று. வெறும் 1,554 ஹெக்டேயர் பரப்புள்ள அந்தச் சிறு பூங்காவின் குளங்களில் வளரும் புல்லை மேய்வதற்கு யானைகள் கூட்டங்கூட்டமாக வருவது கண்கொள்ளாக் காட்சியாகும். பின்னர் போர் வந்தது. குமண 1985 முதல் 2003 வரை மூடப்பட்டுக் கிடந்தது. உயிருக்கஞ்சி மக்கள் கைவிட்டு வந்த மேட்டுநிலங்களிலும் வயல்களிலும் பற்றை மண்டியது. திரும்பிச் சென்றபோது அவற்றிற் பல வன ஒதுக்கமாக அடையாளமிடப்பட்டிருந்தன. பொத்துவிலிலும் அட்டாளைச்சேனையிலும் இவ்வாறான முறைப்பாடுகள் ஏராளம். பழைய அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்குமாக அலைந்தே முதுமையெய்தியவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களைக் காட்டின் பகைவர் என்று சித்திரிப்பது அநீதியாகும். அவ்வாறே, எல்லைக் கல் ஒவ்வொன்றும் சதியே என்று கூறுவதும் உண்மைக்குப் புறம்பானது.

யானைகளின் நிலையோ இன்னும் சிக்கலானது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்நாட்டில் 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 2019ஆம் ஆண்டில் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் 120க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். யானைகள் வாழும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதக் குடியிருப்புகளும் உள்ளன என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. விலங்கு கோட்டுக்கு உள்ளே, மனிதன் கோட்டுக்கு வெளியே என்ற 1937ஆம் ஆண்டு எண்ணம் இவ்விடத்தில் தோற்றுப் போகிறது. பல இடங்களில் மின்வேலி, வனசீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் வன இலாகாவின் காட்டுக்கும் இடையிலே போடப்பட்டது. இருபுறமும் காடு, இருபுறமும் யானை. கிராமத்துக்கு அதனால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

நம் பங்குக்கு நாமும் தவறிழைத்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஒலுவிலுக்கு மேற்கே பள்ளக்காட்டில் கரையோர ஊர்களின் குப்பை கொட்டப்பட்டு வந்தது. அங்கே பிளாஸ்டிக்கைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்தன என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகெங்கும் படத்துடன் வெளியானது. கடலுக்கும் வயலுக்கும் இடையில் நெருக்குண்ட நமது ஊர்களில் குப்பை கொட்ட ஒரு துண்டு நிலமில்லை என்பது மெய்யே. அதற்காக யானையின் வாசலிற் கொட்டலாமா?

2020 டிசம்பரில் நிபுணர் குழுவொன்று கையளித்த தேசிய செயற்றிட்டம், வேலியைக் காட்டைச் சுற்றிப் போடுவதை விடுத்து, ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் போடுமாறு பரிந்துரைத்தது. வயல் வேலி போக காலத்துக்கு மட்டுமே. அறுவடை முடிந்ததும் கமக்காரர்களே கழற்றி வைப்பர். அதன்பின் யானை இறங்கி வந்து தாளடியை மேயும். வேலியைப் பராமரிக்கும் பொறுப்பு கமக்காரர் அமைப்பைச் சாரும். டி.எஸ். சேனாநாயக்க வரைந்த கோட்டுக்கு இது ஏறத்தாழ நேர்மாறான எண்ணமாகும்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்குவோர், அவரது சொந்தத் திட்டத்திலேயே பின்னாளில் நிகழ்ந்ததை அறிந்துகொள்ள வேண்டும். எழுபதுகளின் இறுதியில் கல்லோயா இடது கரை வாய்க்கால்கள் தூர்ந்து, நீர்ப் பங்கீடு சீர்குலைந்து, கடைப்பகுதி வயல்கள் வறண்டு கிடந்தன. வாய்க்கால் எவருக்கும் சொந்தமில்லை, அரசு பார்த்துக்கொள்ளட்டும் என்ற நிலை. 1981 முதல் இளம் அமைப்பாளர்கள் வயல் வயலாகச் சென்று கமக்காரர்களைச் சிறு குழுக்களாக ஒன்றுசேர்த்தனர். கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இதற்குத் துணை நின்றன. தாமே சிரமதானம் செய்து வாய்க்காலைத் துப்புரவாக்கிய கமக்காரர், முறை வைத்து நீரைப் பகிர்ந்தனர். தலைப்பகுதியிலிருந்த சிங்களக் கமக்காரர், கடைப்பகுதியிலிருந்த தமிழ், முஸ்லிம் கமக்காரருக்காக நீரை விட்டுக்கொடுத்த சம்பவங்கள், நாடு இனப்போருக்குள் விழுந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளிலேயே நிகழ்ந்தன. அதன் பின்னர் திட்ட முகாமைத்துவக் குழுக்களில் அதிகாரிகளோடு சரிசமமாகக் கமக்காரர் பிரதிநிதிகளும் அமர்ந்தனர்.

இன்றும் ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. இங்கினியாகலைக் கதவு எத்திகதியில் திறக்கப்படும், எத்தனை ஏக்கர் செய்யலாம், எத்திகதிக்குள் விதைப்பு முடிய வேண்டும் என்பன அங்கே கமக்காரரின் முன்னிலையிற் பேசித் தீர்மானிக்கப்படுகின்றன. காட்டின் எல்லையைக் குறிக்கும் வர்த்தமானி அறிவித்தலோ கொழும்பிலிருந்து வருகிறது. வரம்பில் கல் நட்ட பின்னரே பலர் அதனை அறிந்துகொள்கின்றனர்.